உவர் மண்ணும் அக்ரூட் மரமும்: தாவரப் பிறப்பியல் பயிலும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்து வேளாண் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தாவரப் பிறப்பியல் பயின்று, ஆராய்ச்சிப் பட்டத்திற்கு உரிய பொருளைத் தேடிக்கொண்டிருக்கும் இளைய நண்பர்களே,



உங்களில் பலர் உவர் தாங்கும் தன்மையை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதை அறிவேன். நெல் நாற்றையோ, அரபிடாப்சிஸ் என்னும் கடுகினச் சிறு செடியையோ உப்புக் கரைசலில் நிறுத்தி, எந்த மரபணு எந்த வேளையில் விழித்தெழுகிறது என்று இரவு பகலாகக் கணக்கெடுக்கும் உங்கள் பிரயாசையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும், ஒரு பருவத்தில் முளைத்து அதே பருவத்தில் அறுவடையாகிவிடும் பயிர்கள் நமக்குக் காட்டாமல் மறைத்துவிடும் சில உண்மைகளை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் நின்று பலன் தரும் ஒரு மரம் தெளிவாகக் காட்டுகிறது என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஆகையால் நம் சமவெளியில் விளையாததும், மளிகைக் கடைகளில் மட்டும் நாம் காண்பதுமான அக்ரூட் மரத்தின் வரலாற்றை உங்கள் முன் வைத்து, அதன் வழியாக ஒரு வேண்டுகோளையும் விடுக்க விரும்புகிறேன்.

பாரசீகத்திலும் மத்திய ஆசியாவிலும் இமயச் சாரலிலும் தொன்றுதொட்டு வளர்ந்துவரும் இம்மரம், உலகம் முழுதும் பரவிய பின் மிகப் பெரிய தோப்புகளாக நிலைபெற்ற இடங்களுள் ஒன்று கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு. அமெரிக்காவில் விளையும் அக்ரூட் பருப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அந்த ஒரு மாநிலத்திலிருந்தே வருகிறது. அங்கே மழை குளிர்காலத்தில் மட்டும் பெய்வதால், கோடை முழுதும் மரத்தைக் காப்பது பாசன நீர்தான். பாசன நீர் எவ்வளவு தெளிவானதாயினும் அதில் சிறிது உப்பு கரைந்தே இருக்கும். வேர் நீரைப் பருகிக்கொண்டு உப்பைப் பெரும்பாலும் மண்ணிலேயே விட்டுவிடும். ஆண்டுதோறும் இது சேர்ந்துகொண்டே போகும். சான் வாக்கின் சமவெளியின் மேற்குப் புறத்திலோ, பண்டைக் கடலடியில் படிந்து பின் மலையாக உயர்ந்த பாறைகளிலிருந்து கரைந்து வந்த மண்ணே பரவியிருப்பதால், அங்கு இயற்கையிலேயே உப்பு மிகுதி. அத்துடன் கீழே களிமண் படுகை ஒன்று தடையாக நிற்பதால் ஊறிய நீர் வடிந்தோட வழியும் இல்லை. அவ்வாறு தேங்கிய நீரைக் கால்வாய் வெட்டிக் கெஸ்டர்சன் என்னும் நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். 1983ஆம் ஆண்டில் அங்கே கூடு கட்டிய நீர்ப்பறவைகளின் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே அங்கம் குறைந்து கிடக்கக் கண்டபோதுதான், மண்ணிலிருந்து உப்போடு கரைந்து வந்த செலினியம் எவ்வளவு கொடியது என்பது வெளிப்பட்டது. அதன்பின் அந்தக் கால்வாயே மூடப்பட்டது. உப்பை நிலத்திலிருந்து கழுவித் தள்ளினால் அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டும் என்ற நிலை வந்தபிறகு, தானே உப்பைச் சமாளிக்கும் மரம் கிடைக்குமா என்ற கேள்வி வலுப்பெற்றது இயல்பே. 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியில், ஆற்று நீர் குறைந்து உழவர்கள் உவரேறிய கிணற்று நீரை நம்ப நேர்ந்தபோது அக்கேள்வி பின்னும் அவசரமாயிற்று.

அக்ரூட் மரமோ உப்பின்முன் மிக மெல்லியது. மண்ணின் உவர்ப்பை மின்கடத்தும் திறனால் அளந்து, மீட்டருக்கு இத்தனை டெசிசீமென்ஸ் என்று கூறுவது வழக்கம் என்பதை நீங்கள் அறிவீர்கள். பார்லி ஏறத்தாழ 8 வரை விளைச்சல் குறையாமல் நிற்கும். பேரீச்சை 4 வரை நிற்கும். நெல் 3 வரை. அக்ரூட்டுக்கும் வாதுமைக்கும் 1.5 அளவை எட்டும்போதே வாட்டம் தொடங்கிவிடும். கோடையின் பிற்பகுதியில் இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் பழுப்பேறி, அத்தீய்வு மெல்ல உள்நோக்கிப் பரவும். ஜூலை மாதத்தில் பறித்துச் சோதிக்கும் இலையில் சோடியம் நூற்றுக்கு 0.1 பங்கையும், குளோரைடு 0.3 பங்கையும் தாண்டினால் தோப்புக்கு ஆபத்து என்பது அங்குள்ள விஞ்ஞானிகளின் அனுபவக் கணக்கு. அந்த மண்ணில் போரானும் சேர்ந்துகொண்டால் இடர் இரட்டிக்கும்.

உப்பு இருவகையில் தீங்கு செய்கிறது. மண் நீரில் உப்பு மிகும்போது வேர் நீரை இழுப்பதற்கு மிகுதியாக முயல வேண்டியிருப்பதால், ஈரம் இருந்தும் மரம் தாகத்தால் வாடுவது முதல் வகை. இது உடனே நிகழ்வது. உள்ளே புகுந்த சோடியமும் குளோரைடும் இலைகளில் தேங்கி, பொட்டாசியத்தை நம்பி இயங்கும் நொதிகளின் வேலையைச் சோடியம் குலைப்பது இரண்டாம் வகை. இது தாமதமாக வருவது. மர வகைகளில் இந்தத் தாமதம் வியப்புக்குரியது. முதற் சில ஆண்டுகள் சோடியம் வேரிலும் அடிமரத்திலும் அடங்கிக் கிடக்கும். இலையில் ஒரு குறையும் தோன்றாது. பின்னர்ச் சாற்றுக்கட்டை வைரக்கட்டையாக மாறும் காலத்தில், அதுவரை பிடித்துவைத்திருந்த சோடியம் விடுபட்டு மேலேறி இலையைத் தாக்கும். மூன்றாம் ஆண்டில் நன்றாக நின்ற மரம் ஐந்தாம் ஆண்டில் கருகுவதன் காரணம் பல வேளைகளில் இதுவே. இச்செய்தியை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்; பின்னால் நான் கூறப்போவதற்கு இதுவே ஆதாரம்.

தாவரங்கள் இத்தீங்கை எதிர்க்கும் உபாயங்களை அணு அணுவாக ஆராய்ந்து கண்டது கடந்த முப்பது ஆண்டுகளின் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. வேரின் புறச்சவ்வில் நின்று சோடியத்தை வெளியே தள்ளும் எஸ்.ஓ.எஸ்.1 என்னும் கடத்தியையும், கால்சியத்தின் ஏற்றத்தாழ்வை உணர்ந்து அதனைத் தூண்டிவிடும் துணைப் புரதங்களையும் ஜியான்-காங் ஜூவின் குழுவினர் அரபிடாப்சிஸில் அடையாளம் கண்டார்கள். செல்லின் நடுவே நீர் நிறைந்திருக்கும் வாக்குவோல் என்னும் பைக்குள் சோடியத்தை அடைத்துவைக்கும் என்.எச்.எக்ஸ்.1 என்ற கடத்தியை மிகுதியாக்கினால் செடி கடும் உவரிலும் வளரும் என்று எட்வர்டோ புளும்வால்டும் அவருடைய சகாக்களும் 1999இல் காட்டினார்கள். 2001இல் அதையே தக்காளியில் செய்து, உப்பு இலைகளில் சேர்ந்தும் பழத்தில் சேராத செடிகளை வளர்த்துக் காட்டினார்கள். மூன்றாவது உபாயம் எச்.கே.டி. என்னும் புரதக் குடும்பத்தின் வேலை. வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறும் சைலக் குழாயிலேயே காவல் நின்று, ஏறிவரும் சோடியத்தை மீட்டு வேரிலேயே நிறுத்திவிடுவது அது. வங்கத்து நோனா போக்ரா நெல்லின் வலிமை இக்குடும்பத்து மரபணு ஒன்றில் அடங்கியிருப்பது 2005இல் தெரிந்தது. ராணா மன்ஸ் முதலான ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், கோதுமையின் பழைய உறவாகிய ஐன்கார்ன் இனத்திலிருந்து அத்தகைய மரபணுவைச் சாதாரணக் கலப்பின் மூலமாகவே டூரம் கோதுமைக்குள் கொண்டுவந்து, உவர் நிலத்தில் நூற்றுக்கு 25 பங்கு விளைச்சல் கூடியதை 2012இல் எடுத்துக்காட்டினார்கள். என் அபிப்பிராயத்தில் இவை யாவற்றினும் சிறந்தது இந்தக் கடைசிக் காரியமே. ஏனெனில் அது கண்ணாடிக் கூட்டில் முடிந்துவிடாமல் உழவனுடைய வயலில் விளைந்து நின்றது. அதற்கு வேண்டிய மரபணுவும் அதே பயிரின் சுற்றத்திலேயே கிடைத்தது.

இனி அக்ரூட்டுக்கு வருவோம். தோப்பில் நிற்கும் ஒவ்வோர் அக்ரூட் மரமும் உண்மையில் இரண்டு உயிர்களின் சேர்க்கை. மேலே பருப்புத் தருவது பாரசீக அக்ரூட்டின் ஒட்டுக்குச்சி. பெரும்பாலும் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகம் 1979இல் வெளியிட்ட சாண்ட்லர் என்னும் இரகம். கீழே வேர்ச்செடியாக இருப்பது வேறோர் இனம், அல்லது கலப்பினம். வடகலிபோர்னியாவின் கருநிற அக்ரூட்டையும் பாரசீக அக்ரூட்டையும் கலந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லூதர் பர்பாங்க் வளர்த்துப் பாரடாக்ஸ் என்று பெயரிட்ட கலப்பினத்தின் வழிவந்தவையே இன்று மிகுதியான தோப்புகளைத் தாங்குகின்றன. அவர் அதன் அசுர வளர்ச்சியைக் கண்டு மரக்கட்டைக்கு ஏற்றதென்று கருதினார். காலம் அதனை வேராக்கிக்கொண்டது. அதன் விதைக்கன்றுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமையால், பிற்காலத்தில் வீரியமும் நோய் எதிர்ப்பும் உள்ள தனி மரங்களைத் தேர்ந்து, திசு வளர்ப்பின் வாயிலாகப் பெருக்கினார்கள். விளாக், வி.எக்ஸ்.211, ஆர்.எக்ஸ்.1 என்பவை அவ்வாறு வந்தவை. இவற்றுள் ஆர்.எக்ஸ்.1, டெக்ஸஸ் முதலான வறண்ட பிரதேசங்களின் ஆற்றுப் படுகைகளில் புதராக வளரும் சிற்றக்ரூட் இனத்தைப் பாரசீக அக்ரூட்டோடு கலந்து பெற்றது.

உவர் தாங்கும் தன்மைக்கு வழி இவ்வேரில்தான் இருக்கிறது என்பது என் திடமான நம்பிக்கை. சோடியமும் குளோரைடும் மரத்துக்குள் நுழையும் வாயில் வேர். அங்கேயே அவற்றைத் தடுத்தால் மேலே இருக்கும் இரகத்தில் கைவைக்க வேண்டிய அவசியமே இல்லை. சாண்ட்லரின் வெளிர்நிறப் பருப்பும் அதன் விலையும் அப்படியே இருக்கும். இது வெறும் ஊகம் அன்று. எலுமிச்சை இனங்களில் கிளியோபாட்ரா மாண்டரின் என்னும் வேர்ச்செடியின் மேல் ஒட்டிய மரங்கள் இலையில் குளோரைடை மிகக் குறைவாகவே சேர்க்கின்றன. திராட்சையில் சால்ட் கிரீக் என்ற வேர்ச்செடி அவ்வாறே செய்கிறது. திராட்சை வேர்ச்செடிகள் சோடியத்தைத் தடுக்கும் ஆற்றலில் வேறுபடுவதற்கு அதே எச்.கே.டி. குடும்பத்து மரபணுவின் வேறுபாடுகள் காரணமாவதும் 2018இல் தெளிவாயிற்று. கோதுமைக்கும் நெல்லுக்கும் திராட்சைக்கும் பொதுவாக அமைந்த இக்காவல் அக்ரூட்டின் சுற்றத்தில் மட்டும் இல்லாமற்போகும் என்று கருத நியாயம் இல்லை.

அதைத் தேடுவதற்கு வேண்டிய கருவிகளும் இப்போது கைக்கு வந்துவிட்டன. 2016இல் சாண்ட்லர் மரத்தின் முழு மரபுத்தொகுதியும் படிக்கப்பட்டது. 2020இல் அது பதினாறு குரோமோசோம்களாக ஒழுங்குபடுத்தப்பட்டது. இடையில் 2019இல், சிற்றக்ரூட்டும் பாரசீக அக்ரூட்டும் கலந்த ஒரே கலப்பு மரத்தைப் படித்து, இரு பெற்றோரின் மரபுத்தொகுதிகளையும் தனித்தனியே பிரித்தெடுத்துவிட்டார்கள். டேவிஸ் நகரத்து மரபுவளக் காப்பகத்தில் பல நாடுகளிலிருந்து திரட்டிய அக்ரூட் இனங்கள் உயிரோடு நிற்கின்றன. முற்காலத்தில் ஒருவர் கலப்புச் செய்து, விதையை நட்டு, மரம் வளர்ந்து காய்க்கும்வரை காத்திருந்து, நூற்றில் தொண்ணூற்றெட்டை வெட்டியெறிந்துவிட்டு, எஞ்சிய இரண்டோடு மீண்டும் தொடங்க வேண்டும். அவர் ஆயுளில் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு மேல் காண்பது அரிது. இன்றோ, உவர் தடுக்கும் பகுதி எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், ஒரு சிறு இலைத்துணுக்கைச் சோதித்தே, வைத்துக்கொள்ள வேண்டிய கன்று எது, விலக்க வேண்டியது எது என்று நாற்றுப் பருவத்திலேயே சொல்லிவிடலாம். வேர்ச்செடிக்குக் காய்ப்பு வேண்டாம் என்பதால் அது காய்க்கும் பருவம்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மர அபிவிருத்தியில் இதனினும் பெரிய வரம் வேறில்லை.

வேற்று உயிரின் மரபணுவை ஏற்றும் வழியும் இருக்கிறது. அதை நான் இகழவில்லை. அக்ரூட்டின் கருவுற்ற விதையிலிருந்து உடற்செல் கருக்களை வளர்த்து, அக்ரோபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிரின் துணையால் அவற்றில் மரபணுவை ஏற்றி, முழுச் செடியாக மீட்பதை 1988இலேயே கேல் மக்கிரனகன், சார்லஸ் லெஸ்லி, அபயா தண்டேகர் முதலியோர் டேவிஸில் செய்து காட்டினார்கள். அதே நுண்ணுயிர்தான் தோப்புகளில் வேர்க்கழுத்துக் கழலை நோயை உண்டாக்கி மரங்களை அழிப்பது; அந்நோயின் மரபணுக்களையே மௌனமாக்கும் வேர்ச்செடியையும் தண்டேகரின் குழுவினர் பின்னர் உருவாக்கினார்கள். ஈரானிய விஞ்ஞானிகளோ, அனபீனா என்னும் நீலப்பச்சைப் பாசியின் பிளாவோடாக்சின் மரபணுவை அக்ரூட்டின் கருக்களில் ஏற்றி, உவர்ப்பையும் வறட்சியையும் தாங்கும் ஆற்றல் கூடுவதைக் கண்டார்கள். வேரில் மட்டும் அம்மரபணு இருந்தால் மேலே விளையும் பருப்பில் அது இராது என்பதால், உண்பவருக்கு எழும் ஐயமும் பெருமளவு தணியும். இருந்தும், உவருக்கென மரபணு ஏற்றிய அக்ரூட் மரம் எதுவும் உழவர் தோப்பில் இன்றுவரை நிற்கவில்லை. சட்டத் தடைகளும் சந்தையின் தயக்கமும் ஒரு பாதிக் காரணம். மறுபாதிக் காரணத்தைத்தான் உங்களிடம் விரிவாகப் பேச விரும்புகிறேன், ஏனெனில் அதைத் திருத்துவது உங்கள் கையில் இருக்கிறது.

ஆராய்ச்சிச் சாலையில் நாம் வழக்கமாகச் செய்வது என்ன? நன்னீரில் வளர்ந்த நாற்றை எடுத்து, ஒரே நாளில் 200 மில்லிமோலார் உப்புக் கரைசலில் நிறுத்துகிறோம். அதன் மின்கடத்தும் திறன் ஏறத்தாழ 20 டெசிசீமென்ஸ். அக்ரூட் தோப்பு நலியத் தொடங்கும் 1.5 அளவைக் காட்டிலும் பத்து மடங்குக்கும் மேற்பட்டது. கடல்நீரின் உப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு ஒப்பானது. எந்தத் தோப்பிலும் எந்த நாளிலும் அவ்விதம் உப்பு பாய்ந்து வருவதில்லை. நாற்று அடைவது அதிர்ச்சி. ஆறு மணி நேரத்திலும் இருபத்துநான்கு மணி நேரத்திலும் எழும் மரபணுக்களின் பட்டியலில் நாம் காண்பதும் அந்த அதிர்ச்சியின் சுவடே. ஐந்தாம் ஆண்டில் சோடியம் அடிமரத்திலிருந்து விடுபட்டு ஏறும்போது மரம் என்ன செய்கிறது என்பதற்கு அந்தப் பட்டியலில் விடை இருக்க முடியாது. உவர் தாங்கும் பயிர்களைப் பற்றி வந்த அறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்த இங்கிலாந்துப் பேராசிரியர் திமதி பிளவர்ஸ், 2004லேயே, மரபணு மாற்றிய செடிகள் உவர் தாங்கும் என்று கூறியவர்களுள் சிலரே செடியின் வளர்ச்சியை முறையாக அளந்தார்கள் என்றும், வயலில் நட்டுப் பார்த்தவர் மிக அரியர் என்றும் வருந்தி எழுதினார். அவர் எழுதியபின் மரபணுக்களின் பட்டியல் பன்மடங்கு நீண்டது; வயலில் நிற்கும் மரங்களின் எண்ணிக்கை அதற்கேற்ப நீளவில்லை.

பிறப்பியல் ஒன்றே உவருக்குப் பரிகாரம் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். சோடியத்தை வெளியே நிறுத்தும் வேர், அதனைத் தன் காலடி மண்ணிலேயே நிறுத்துகிறது. மழையோ மிகைப்பாசனமோ அதைக் கீழே கழுவிச் செல்லவும், வடிகால் அதை வெளியேற்றவும் இல்லையேல், எவ்வளவு உறுதியான வேரும் சில ஆண்டுகளில் தோற்கும். மரபணுவும் வடிகாலும் ஒன்றையொன்று நாடி நிற்பவை.

நம் நாட்டிலும் வேரைத் தேர்ந்து உவரைத் தடுக்கும் இம்முறைக்கு இடமுண்டு என்று சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன். சென்னைத் தரமணியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், அலையாத்திக் காட்டு வெண்கண்டலின் மரபணுக்களைப் பிரித்து நெல்லில் ஏற்றிப் பார்த்தார்கள். கேரளத்துப் பொக்காளி நெல்லின் முதற் குரோமோசோமில் உள்ள சால்டால் என்னும் பகுதி, அடையாளம் பார்த்துக் கலக்கும் முறையில் பல நெல் இரகங்களுக்குள் சென்றிருக்கிறது. ஆனால் மரங்களின் வேரை நாம் அந்தக் கவனத்தோடு இன்னும் பார்க்கவில்லை. நம் சப்போட்டா மரங்கள், வறண்ட காடுகளில் தானே வளரும் பாலை மரத்தின் கன்றுகள்மேல் ஒட்டுக் கட்டப்படுகின்றன. அக்கன்றுகள் விதையால் வருபவை, ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. மாவில் இஸ்ரேலியர் 13-1 என்னும் வேர்ச்செடியை உவர் நிலத்துக்கென்றே தேர்ந்து பல்லாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். பல கருக்கள் கொண்ட விதையுடைய நம் மேற்குக் கரை மாவினங்களிலும் அத்தகைய தேர்வுக்கு வாய்ப்பு நிரம்ப உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து இராமநாதபுரம்வரை கடலோரத்து உவர் நிலங்களிலும், உள்நாட்டுக் களர் நிலங்களிலும், பிற மரங்கள் கருகிய இடத்தில் கருகாமல் நிற்கும் ஒற்றை மரங்களை உழவர்கள் அறிவார்கள். அவற்றின் வேர் எந்த மரபு என்று எவரும் கேட்டதில்லை.

ஆகவே நண்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். ஆராய்ச்சிக்குப் பொருள் தேர்ந்தெடுக்கும்போது உங்களில் சிலரேனும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். உப்பை மெல்ல மெல்ல உயர்த்தி, உண்மையான தோப்பு காணும் அளவிலேயே நிறுத்துங்கள். ஒரே ஒட்டுக்குச்சியைப் பல வேர்ச்செடிகளின்மேல் கட்டி, ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் இலையில் சோடியத்தையும் குளோரைடையும் அளந்து எழுதிவையுங்கள். உங்கள் பட்டம் மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும், மரம் அப்போதுதான் தன் உண்மையைச் சொல்லத் தொடங்கும். அதனால் உங்கள் நாட்குறிப்பையும் மரத்தையும் அடுத்து வரும் மாணவரிடம் முறையாக ஒப்படைத்துச் செல்லுங்கள். கருகிய மரங்களின் கணக்கையும், பொய்த்த மரபணுக்களின் பெயரையும் மறைக்காமல் வெளியிடுங்கள். உங்கள் ஆசிரியர்கள் இதற்கு நேரமும் நிலமும் ஒதுக்கவில்லையென்றால், இம்மடலை அவர்களிடம் காட்டி, என் பொருட்டும் கேளுங்கள்.